நாற்றைக் கொஞ்சம் ஆட்டித்தான் வளர்க்கணும்

கண்ணு, ஆடிப்பட்டத்துக்குக் குழித்தட்டில் தக்காளியும் கத்தரியும் போட்டிருக்கிறாய் என்று கேள்விப்பட்டேன். நல்ல காரியம். எந்த விதை, நார்க்கழிவை எப்படி ஊறவைப்பது, எந்த நிழல்வலை என்பதையெல்லாம் ஆளாளுக்குச் சொல்லியிருப்பார்கள். பெரும்பாலும் சொல்லாமல் விட்டுவிடுவது ஒன்று உண்டு. நாற்றைத் தினமும் கொஞ்சம் தொட்டு ஆட்டிவிட வேண்டும்.

ஆனி பிறந்துவிட்டால் பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுகிற காற்று கோவை, கரூர் தாண்டி நம் நாமக்கல் மேட்டுக்காடு வரைக்கும் ஓயாமல் அடிக்கும். அந்தக் காற்றில்தான் ஆடி நாற்றை நட்டாக வேண்டும். நிழல்வலைக் குடிலுக்குள் வளர்ந்த நாற்று அதுவரை காற்றையே பார்த்திருக்காது. 98 குழித் தட்டில் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு, வெளிச்சத்துக்காக எட்டி எட்டி, தண்டு மெலிந்து நீண்டிருக்கும். நட்ட அன்று சாயங்காலமே பாரில் படுத்துவிடும். உடனே யாராவது “சத்துப் பத்தலை, யூரியா போடு” என்பார்கள். போடாதே. தழைச்சத்து தண்டை இன்னும் நீட்டி இளக்கிவிடும். அந்த நாற்று பட்டினி கிடக்கவில்லை. அசைந்து பழகவில்லை, அவ்வளவுதான்.

செடிக்கு நரம்பும் கிடையாது, மூளையும் கிடையாது. ஆட்டியது அதற்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படி. இது புரிந்துவிட்டால் மற்றதையெல்லாம் நீயே யோசித்துச் செய்துகொள்வாய்.

செடியின் ஒவ்வொரு செல்லும் ஒரு சுவருக்குள் அடைபட்டிருக்கிறது. உள்ளே இருக்கும் தண்ணீர் அந்தச் சுவரை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். கார் டயருக்குள் இருக்கிற அழுத்தத்தைப்போல இரண்டு மூன்று மடங்கு அழுத்தம் சாதாரணமாக ஒரு செல்லுக்குள் இருக்கிறது. வாடாத கீரைத்தண்டு விறைப்பாக நிற்பதும், தண்ணீர் குறைந்ததும் தொங்குவதும் இதனால்தான். இப்படி எப்போதும் இழுபட்டே இருக்கிற சுவரில் சின்ன மாற்றம் வந்தாலும் செல்லுக்குத் தெரிந்துவிடும். தண்டு ஒரு பக்கம் வளைந்தால் அந்தப் பக்கத்துச் செல்கள் நசுங்கும், எதிர்ப்பக்கத்துச் செல்கள் இழுபடும். செல்லின் சவ்வு இழுபடும்போது அதில் இருக்கும் நுண்ணிய வாசல்கள் திறந்து, சில விநாடிகளுக்குள் கால்சியம் உள்ளே பாயும். கால்மோடுலின் என்ற புரதம் அந்தக் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு செய்தியை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோகும். அதன்பின் ஜாஸ்மோனேட், எத்திலீன் போன்ற ஹார்மோன்கள் வேலையில் இறங்கும். தண்டு நீள்வதைக் குறைத்துக்கொண்டு பருக்க ஆரம்பிக்கும்.

இதைவிட அழகான காரியம் ஒன்று சுவருக்குள் நடக்கிறது. சவ்வுக்கு அடியில் நுண்குழல்கள் என்று மிக மெல்லிய இழைகள் இருக்கின்றன. செல்லுலோஸ் நாரை எந்தத் திசையில் போட வேண்டும் என்று வழிகாட்டுவது அவைதான். இழுவிசை எந்தத் திசையில் அதிகமோ அந்தத் திசைக்கு அவை திரும்பிக்கொள்கின்றன. சுவர் எங்கே கிழியும் என்று பயமோ, அங்கேயே நார் குறுக்கே விழுகிறது. பிரான்சில் லியோன் நகரத்து ஒலிவியே ஆமான் குழுவினர் 2008-இல் இதைக் குருத்து நுனியில் காட்டினார்கள். செடி தன்னைத்தானே வேண்டிய இடத்தில் கட்டிப் பலப்படுத்திக்கொள்கிறது. நாம் செய்ய வேண்டியதெல்லாம் அதற்கு அந்தச் செய்தியைக் கொடுப்பதுதான்.

தொட்டதும் மரபணு விழிப்பதைக் கண்டுபிடித்த கதையும் நல்ல கதை. 1990-இல் ஜேனட் பிராம் என்ற அம்மாவும் ரொனால்ட் டேவிஸும் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் அராபிடாப்சிஸ் என்ற கடுகு இனத்துச் சின்னச் செடியில் வளர்ச்சி ஹார்மோனைத் தெளித்து, எந்த மரபணு விழிக்கிறது என்று பார்த்தார்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சில செடிகளுக்கு வெறும் தண்ணீரைத் தெளித்திருந்தார்கள். அந்தச் செடிகளிலும் அதே மரபணுக்கள் விழித்துவிட்டன. காரணம் ஹார்மோன் இல்லை, தெளிப்பு விழுந்த அதிர்ச்சிதான். மழை, காற்று, கையால் தொடுவது எதுவானாலும் 10 முதல் 30 நிமிடத்துக்குள் அந்த மரபணுக்களின் வேலை நூறு மடங்கு வரை எகிறியது. அதில் ஒன்று கால்மோடுலினை உண்டாக்கும் மரபணு. அதற்கும் முன்பே, 1973-இல் மார்க் ஜாஃபி என்பவர் செடித் தண்டுகளை விரலால் லேசாக நீவிவிட்டுப் பார்த்திருந்தார். அவர் நீவிய செடிகளில் பீன்ஸ், வெள்ளரி, தொட்டாற்சுருங்கி உண்டு, நம் சேலத்து மானாவாரிக் காட்டுப் பயிரான ஆமணக்கும் உண்டு. இவையெல்லாம் குட்டையாகின. பட்டாணியும் கோதுமையும் பூசணி இனமும் அசைந்துகொடுக்கவில்லை. நீவுவதை நிறுத்திய மூன்று நான்கு நாளில் குட்டையான செடிகள் பழையபடி நீள ஆரம்பித்தன. இந்தக் கடைசித் தகவலை மனதில் வைத்துக்கொள், உனக்கு வேலைக்கு ஆகும்.

நாற்று தடவும் முறை

முதல் நிஜ இலை இரண்டு மூன்று வந்தபிறகு ஆரம்பி. அதற்கு முன்னால் வேண்டாம், விதையிலை உடைந்துவிடும். ஒரு லேசான மூங்கில் குச்சியிலோ பிளாஸ்டிக் குழாயிலோ பழைய வேட்டித்துணியைச் சுற்றிக்கொள். தட்டின் மேலே, நாற்றுகளின் தலை உரசும்படி போக வர இழு. நாற்று வளைந்து, குச்சி தாண்டியதும் நிமிர வேண்டும். மடங்கக் கூடாது. ஒரு வேளைக்குப் பத்துத் தடவை போய் வந்தால் போதும், காலை ஒருமுறை, மாலை ஒருமுறை. பத்துத் தட்டுதான் என்றால் கையாலேயே தடவிவிடலாம். நடுகிற நாள் வரை விடாதே. ஜாஃபி பார்த்தது போல, நிறுத்தினால் நாலு நாளில் மறுபடி நீண்டுவிடும்.

இலை ஈரமாக இருக்கும்போது தொடாதே. தண்ணீர் விட்டவுடனும் கூடாது, பனி இறங்கிய விடியற்காலையிலும் கூடாது. ஈரத்தில் தடவினால் ஒரு நாற்றில் இருக்கும் பூஞ்சையையும் பாக்டீரியாவையும் தட்டு முழுக்க நீயே பூசினதாகிவிடும். இன்னொன்றும் உண்டு. நம் வீட்டில் பெரியவர்கள் புகையிலை போடுவார்கள், வேலைக்கு வருகிறவர்கள் பீடி பிடிப்பார்கள். புகையிலைத் தேமல் வைரஸ் காய்ந்த புகையிலையிலும் உயிரோடு இருக்கும், கையில் ஒட்டிக்கொண்டு வந்து தக்காளிக்கும் மிளகாய்க்கும் தொற்றும். அந்தக் கையால் நாற்றைத் தொட விடாதே. சங்கடப்பட்டாலும் பரவாயில்லை, வாசலிலேயே சோப்பும் தண்ணீரும் வைத்துவிடு.

தக்காளியும் கத்தரியும் இந்தத் தடவலை நன்றாகத் தாங்கும். மிளகாய்க்குக் குருத்து இளசு, கீறிவிடும். மிளகாய்த் தட்டுக்குத் துணிக்குச்சி வேண்டாம், கடைசி வாரம் வலையைத் தூக்கிவிட்டு வெளிக்காற்றைக் காட்டினாலே போதும். மொட்டைமாடியில் தொட்டி வைத்திருப்பவர்கள் மேசை விசிறியைக் கொஞ்சம் தள்ளி வைத்து, இலை லேசாக நடுங்கும் அளவுக்குத் தினம் சற்று நேரம் ஓடவிடலாம்.

பலன் தெரிகிறதா என்று சந்தேகமிருந்தால் ஒரே நாளில் விதைத்த இரண்டு தட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒன்றை மட்டும் தடவிப் பார். ஒரு வாரம் பத்து நாள் கழித்து விதையிலைக்குக் கீழே தண்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்துப் பார். தடவாத நாற்று விரலுக்குள் துவளும், நீர் கோத்து வழுவழுவென்று இருக்கும். தடவியது கட்டையாக, கணுவுக்குக் கணு நெருங்கி, மயிர் அடர்ந்து சொரசொரவென்று நிற்கும். உன் விரலில் பச்சையும் மஞ்சளுமாகக் கறை ஒட்டி, தக்காளி வாசனை வீசும். மயிர் நுனியில் இருக்கும் சுரப்பிகள் உடைந்த கறை அது.

ஆனால் நல்லது என்று நாள் முழுக்க உலுக்காதே. தொட்ட அரை மணி நேரத்துக்குள் அராபிடாப்சிஸ் செடியின் மரபணுக்களில் பத்தில் ஒரு பங்கு தன் வேலையை மாற்றிக்கொள்கிறது என்று ஆஸ்திரேலியாவின் லா ட்ரோப் பல்கலைக்கழகத்தார் 2018-இல் சொன்னார்கள். திரும்பத் திரும்பத் தொட்டால் வளர்ச்சி 30 சதவீதம் வரை குறைகிறதாம். ஒவ்வொரு தொடலுக்கும் செடி தன் கையிருப்பைச் செலவழிக்கிறது. அந்தச் செலவில் வேறு லாபமும் இருக்கிறது. அடிக்கடி தொட்ட செடியில் ஜாஸ்மோனேட் ஏறி, சாம்பல் பூஞ்சையையும் இலை தின்னும் புழுவையும் கூடுதலாகத் தாங்கியது என்று பிராம் அம்மாவின் ஆய்வகமே 2012-இல் காட்டியது. இலை ஓரம் கிழிவதோ குருத்து கருகுவதோ கண்ணில் பட்டால் இரண்டு நாள் விட்டுவிடு.

குச்சி கட்டுவது

வாசலில் வேம்போ புங்கனோ வைத்தால் நம் ஊரில் செய்கிற முதல் வேலை, பக்கத்திலேயே ஒரு கம்பு நட்டு, பிளாஸ்டிக் கயிற்றால் மூன்று இடத்தில் இறுக்கிக் கட்டுவது. இரண்டு வருஷம் கழித்து அவிழ்த்தால் மரம் உயரமாக இருக்கும், ஆனால் அடியும் நுனியும் ஒரே பருமனாக, சாய்ந்துகொண்டு நிற்கும். கம்பு இருந்தபோது அடித்தண்டு வளையவே இல்லை, பருக்க வேண்டிய செய்தி அதற்குப் போகவே இல்லை. கலிபோர்னியாவில் நீல், ஹாரிஸ் என்ற இருவர் 1971-இல் லிக்விடாம்பர் என்ற மரத்தின் கன்றுகளைத் தினமும் 30 விநாடி மட்டும் ஆட்டிவிட்டுப் பார்த்தார்கள். ஆட்டாத கன்று வளர்ந்த உயரத்தில் 20 முதல் 30 சதவீதம்தான் அவை வளர்ந்தன. வெறும் அரை நிமிட ஆட்டத்துக்கு மரம் இவ்வளவு கணக்குப் பார்க்கிறது.

அதனால் கம்பைச் சற்றுத் தள்ளி நடு. கன்றை ஒரு கையால் அடியிலிருந்து மேலே மேலே பிடித்துக்கொண்டே போ. எந்த உயரத்தில் பிடித்தால் தலை தானாக நிமிர்ந்து நிற்கிறதோ, அதற்குக் கொஞ்சம் மேலே ஒரே ஒரு கட்டு போதும். பருத்தித் துணிக் கிழிசலோ வாழை நாரோ வைத்து எட்டு போலச் சுற்று. கம்புக்கும் தண்டுக்கும் நடுவில் கயிறு குறுக்கே வரட்டும், உரசாது. இரண்டு விரல் நுழைய இடம் இருக்கட்டும், தலை ஆடட்டும். ஒரு வருஷத்தில் அவிழ்த்துவிடு.

ஒட்டு மாங்கன்றுக்கு மட்டும் வேறு நியாயம். மல்கோவாவோ இமாம் பசந்தோ, ஒட்டுப்போட்ட இடத்தில் இரண்டு மரத்தின் செல்களும் பெருகி ஒன்றோடொன்று கை கோக்கும் வரை அந்த இடம் அசையவே கூடாது. அங்கே கட்டு இறுக்கமாகவே இருக்கட்டும். கூடிய பிறகு நாடாவைப் பிரித்துவிடு, இல்லையென்றால் தண்டு பருக்கும்போது அறுத்துவிடும்.

வாழை இதில் சேராது

வாழையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மோகனூர், பரமத்தி வேலூர் பக்கம் உன் மாமனார் வீட்டார் தோட்டம் முழுக்க வாழைதானே. மேலே சொன்ன பழக்கத்தை வாழையிடம் எதிர்பார்க்காதே. அது மரமே இல்லை. நாம் தண்டு என்று கட்டிப்பிடிப்பது இலைமட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிய உருளை. வேம்பைப்போல வருஷா வருஷம் புதுக் கட்டை சேர்த்துப் பருக்கும் திசு அதற்குக் கிடையாது. மட்டையைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் காற்றறைகளும் அவற்றைப் பிரிக்கும் மெல்லிய சுவர்களும் தெரியும். தண்ணீரின் அழுத்தம்தான் அதன் பலம். தார் தள்ளியதும் தலைப்பாரம் ஒரு பக்கம் இழுக்கும். சித்திரை வைகாசியில் கோடை மழைக்கு முன்னால் வரும் அந்த அரை மணிச் சூறைக்காற்று ஒன்றே போதும், ஏலத்துக்குப் போக வேண்டிய தார் தரையில் கிடக்கும். ஒரு வருஷத்துப் பாடு அது. பார்க்கவே வயிறு எரியும்.

எனவே வாழைக்கு முட்டுக் கொடுத்தே ஆக வேண்டும், பூ வந்தவுடனேயே கொடுக்க வேண்டும். தார் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் இரண்டு சவுக்குக் கம்பையோ மூங்கிலையோ கத்தரிக்கோல் போலக் குறுக்கே கட்டி, தாரின் கழுத்துக்குக் கீழே தாங்கவை. கம்பு படும் இடத்தில் காய்ந்த வாழைச் சருகை நாலாக மடித்து வை. வெறும் கம்பு உரசினால் செல்கள் நசுங்கி, அந்த இடம் கறுத்து, அழுகலுக்கு வழியாகிவிடும். அடியில் மண் அணை. மண்ணோடு ஒட்டித் தொங்கும் காய்ந்த இலைகளைக் கழித்துவிடு, காற்றுக்குப் பிடிப்புக் குறையும். காற்றில் இலை கிழிந்தால் மட்டும் கவலைப்படாதே. நடுநரம்பிலிருந்து ஓரம் வரை நரம்புகள் இணையாக ஓடுவதால் இலை நேர்க்கோட்டில் பிளந்து காற்றை உள்ளே விட்டுவிடுகிறது. பந்தி இலைக்காக வளர்க்கிறாய் என்றால்தான் அது நஷ்டம்.

காற்றடிக்கும் மேற்குப் பக்கம் இரண்டு வரிசை சவுக்கோ அகத்தியோ போட்டுவிடுங்கள். சந்து விடாமல் சுவர் எழுப்பாதீர்கள். சுவரில் முட்டிய காற்று மேலேறி அந்தப்புறம் சுழன்று விழும், வாழையை முறுக்கிவிடும். பாதிக் காற்று உள்ளே வந்து தணிந்து போகிற இலைத்தடுப்புதான் நல்லது.

வாழையை விட்டுக் கொடிகளுக்கு வந்தால், அவற்றுக்குத் தொடுவதே வழிகாட்டி. பாகல், புடலை, பீர்க்கையின் சுருள் எதையாவது தொட்டதும், தொட்ட பக்கம் வளர்ச்சி குறையும், எதிர்ப்பக்கம் நீளும், அதனால் சுற்றிக்கொள்ளும். வழுக்கும் இரும்புக் கம்பியைவிடச் சணல் கயிறு, மிலாறு இவற்றை அது சீக்கிரம் பிடிக்கும். பற்றிய சுருள் அப்புறம் நடுவில் திருகி வில்லாகிவிடும். சுருளில் ஏறும் கொடி பலத்த காற்றில் அறுபடாமல் அந்த வில்லால் எப்படித் தாங்கி நிற்கிறது என்று சார்லஸ் டார்வின் நின்று பார்த்து எழுதியிருக்கிறார். பொத்தனூர், பாண்டமங்கலம் கொடிக்காலில் வெற்றிலைக் கொடியை அகத்தியோடு வாழை நாரால் கட்டுவது வேறு கதை. அதற்குச் சுருள் கிடையாது, கணு வேர்தான் பிடி. கணு அகத்திப் பட்டையைத் தொடும்படி கட்டு.

குச்சிக்கிழங்குக் காட்டுக்கு

வேருக்கும் அழுத்தம் தெரியும். டிராக்டர் ஓடி ஓடி இறுகின செம்மண்ணில் வேர் நுனி முட்டி நிற்பது மண்ணின் பலத்தால் மட்டும் என்றுதான் ரொம்ப நாளாக நினைத்திருந்தார்கள். இங்கிலாந்தின் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தில் பிபின் பாண்டே குழுவினர் 2021-இல் வேறு ஒன்றைக் காட்டினார்கள். வேர் விடும் எத்திலீன் வாயு இறுகின மண்ணில் வெளியே போக வழியில்லாமல் வேரைச் சுற்றியே தேங்குகிறது. அது தேங்கியதும் வேர் நீள்வதை நிறுத்திப் பருத்துவிடுகிறது. எத்திலீனை உணராத வகைச் செடிகளின் வேர் அதே மண்ணைத் துளைத்துக்கொண்டு போனது. நமக்கு இதில் வேலை என்னவென்றால், மண்ணில் காற்று போக வழி வைப்பது. நடுவதற்கு முன்னால் உளிக்கலப்பை ஒருமுறை, தொழு எரு, உயரமான பார். மழை பெய்த ஈரத்தோடு டிராக்டரை இறக்க விடாதே, ஒரு நாள் பொறு. குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியின் ரகம் பற்றிக் கேட்க ஏத்தாப்பூர் மரவள்ளி ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கவே இருக்கிறது.

அறுவடைக்கு வருவோம். கிழங்கு பிடுங்கின இரண்டு மூன்று நாளில் உள்ளே நீலமும் கறுப்புமாகக் கோடு ஓடுகிறதே, அது அழுகல் கிருமியால் வருவது என்று பலர் நினைக்கிறார்கள். முதலில் வருவது கிருமி இல்லை, காயம். மண்வெட்டி பட்ட இடம், காம்பு முறிந்த இடம், லோடு ஏற்றும்போது எறிந்ததில் நசுங்கிய இடம், இங்கெல்லாம் செல்கள் உடைந்து, கிழங்கு தானே காயத்துக்குக் காட்டும் எதிர்வினை உள்ளே பரவி, ஸ்கோபோலெட்டின் என்ற பொருள் ஆக்சிஜனோடு சேர்ந்து கறுத்துவிடுகிறது. சேகோ பேக்டரிக்குப் போகிற கிழங்கு அன்றைக்கே போய்விட வேண்டும் என்று அவசரப்படுவது அதனால்தான். வீட்டுக்கும் சந்தைக்கும் என்று ஒதுக்கும் செடிகளில் பிடுங்குவதற்கு இரண்டு வாரம் முன்பே தலையை வெட்டிவிட்டால் இந்தக் கறுப்பு தாமதமாகும். பேக்டரிக்கு வேண்டாம், மாவுச்சத்து இறங்கலாம், அதை அளக்கும் பாயிண்ட் குறைந்தால் விலை போய்விடும்.

வீட்டுக்கு எடுக்கும்போது குச்சியில் ஒரு துண்டு விட்டு வெட்டு, கழுத்தில் காயம் வேண்டாம். காயமில்லாத கிழங்காகப் பொறுக்கி நிழலில் ஈர மணலுக்குள் புதைத்து வை. இளஞ்சூடும் ஈரப்பதமும் இருந்தால் சின்னச் சிராய்ப்பின்மேல் கிழங்கே தக்கை போல ஓர் அடுக்கைக் கட்டி மூடிக்கொள்ளும்.

பச்சைக் கிழங்கைப் பிள்ளைகள் கடிக்காமல் பார்த்துக்கொள், இலையை ஆடு மாடு மேயாமல் பார்த்துக்கொள். முழுசாக இருக்கும் செல்லில் லினமாரின் ஓரிடத்திலும் அதை உடைக்கும் நொதி வேறிடத்திலும் தனித்தனியாக இருக்கும். பல்லில் பட்டுச் செல் நசுங்கியதும் இரண்டும் கலந்து சயனைடு வெளிவரும், கடிக்கிறவரை விரட்டுவதற்கு அந்தச் செடி வைத்திருக்கும் ஏற்பாடு. ஆகவே சமைக்கும்போது மேல்தோலோடு உள்பட்டையையும் சேர்த்து உரி, சின்னத் துண்டாக நறுக்கு, நிறையத் தண்ணீர் விட்டு மூடாமல் வேகவை. வெந்ததும் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தாளி.